மூலை வெட்டிய பாரிஸ்

கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டபடி பள்ளிக்கூடம் போனவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு அந்தத் திறப்பின் குளிர் தெரியாது. பனிக்காலத்தில் சட்டைக்குள் நழுவி நெஞ்சைத் தொட்டால் உடம்பு ஒருமுறை துள்ளும். கோடையில் வியர்வையோடு ஒட்டிக் கிடந்து, கழற்றும்போது தன் பற்களைத் தோலில் பதித்துவிட்டு வரும். இப்போது நமக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது, சாயம் பூசுகிறோம். நம் பிள்ளைகளுக்குத் திறப்பே தேவையில்லை, கைபேசியால் கதவு திறக்கிறார்கள். ஆனாலும் சில வேளைகளில், படியேறும்போது, என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. சுவிஸ் நாட்டின் டீட்டிகோனில், ரயில் பாதைக்குப் பின்னால், நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா சூக்கில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அம்மா ஓர்லிகோனில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தார். மத்தியானம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும் நாடு இது. மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் தாய்மார் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தட்டால் மூடிய ஒரு சட்டி காத்திருந்தது. பசித்தாலும் நான் முதலில் திறந்தது சட்டியை அல்ல, கீழே வாசலில் இருந்த கடிதப்பெட்டியை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களிடம் இருந்தது அகதி விண்ணப்பக்காரருக்கான அவுஸ்வைஸ். அந்த மடித்த அட்டையை வைத்திருப்பவர் நாட்டின் எல்லையைத் தாண்டக்கூடாது. வகுப்பு ஒருநாள் போடன்சே ஏரிக்குப் போனபோது, மற்றவர்கள் ஜெர்மன் பக்கத்துக்கு நடந்துபோய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்று திரும்பும்வரை, நான் ஓர் ஆசிரியையோடு வேலியோரம் நின்றேன். அவர் பாவம், எனக்கு ஒரு சொக்லேற் தந்தார். அன்றிலிருந்து எனக்குப் படக் காட்டுகளில், படம் அச்சிட்ட தபால் அட்டைகளில், ஒரு வெறி. எல்லைக்கு அப்பால் இருப்பதெல்லாம் உள்ளங்கை அளவுக்கு வெட்டப்பட்டு, முத்திரை ஒட்டப்பட்டு, தானாகவே என்னிடம் வரவேண்டும். அம்மாவின் பனிச்சப்பாத்துப் பெட்டிக்குள் உலகத்தை அடுக்கினேன். ரப்பர் வாசமும் பழைய கடதாசி வாசமும் கலந்த உலகம் அது.

அந்தப் பெட்டிக்குப் பாதித் தீனி போட்டவர் சின்ன மாமா. அம்மாவின் கடைசித் தம்பி, அம்மா இடுப்பில் சுமந்து வளர்த்தவர். கொழும்பிலிருந்து, காசு வாங்கிக் கள்ளப் பாதையில் ஆள் அனுப்பும் ஏஜென்ற் மூலம் எங்களிடம் வருவதற்குப் புறப்பட்டிருந்தார். புறப்படுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் என்னோடும் கதைத்தார்.

"என்ன மருமகளே, உமக்கு என்ன வாங்கியாறது?"

"காட் அனுப்புங்கோ மாமா. போற ஊரெல்லாத்திலையும் இருந்து."

"என்ன காட் வேணும்? சிங்கமோ, புலியோ?"

"ஈபிள் கோபுரம்."

"அது சின்ன விசயம். கடைசியா பாரிசாலைதான் வாறது எண்டு ஏஜென்ற் சொல்லுறான். உமக்கு நான் கோபுரத்தை அனுப்பாமல் ஆருக்கு அனுப்பப் போறன்?"

இப்படித்தான் அது தொடங்கியது. அப்பா இதைக் கேட்டதும் நல்ல யோசனை என்றார். தமிழில் கடிதம் எழுதினால் யாரும் உடைத்துப் பார்க்கலாம், எங்கள் வழக்குக்கும் ஆபத்து. படக் காட் என்றால் உல்லாசப் பயணி ஒருவர் ஒரு சின்னப் பிள்ளைக்கு அனுப்பியது, அவ்வளவுதான். ஆகவே காட் என் பெயருக்கு வரும். ஆங்கிலத்தில் நாலு சொல் இருக்கும். அனுப்புபவர் பெயர், திகதி எதுவும் இருக்காது.

சிங்கப்பூரிலிருந்து தண்ணீர் துப்பும் சிங்கம் வந்தது. 'வெயில் நல்லது. நலம்.' நைரோபியிலிருந்து ஒட்டகச்சிவிங்கி வந்தது. 'வெயில் மிக நல்லது. நலம்.' நான் படத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கும்போது அப்பா காட்டை வாங்கித் திருப்பி, ஜன்னலோரம் கொண்டுபோய், பூதக்கண்ணாடியால் முத்திரையின் மேல் விழுந்த தபால் சீலைப் படிப்பார். எந்த ஊர், எந்த நாள் என்று.

"படத்தைப் பாக்காதை பிள்ளை," என்பார். "படம் ஆரும் எங்கையும் வாங்கலாம். சீல் பொய் சொல்லாது. நான் சீல் பாத்த பிறகுதான் காட் உனக்கு."

பெட்டியின் மறுபாதியை நிரப்பியவர் நாலாம் மாடிச் சுவிஸ் கிழவர். ரயிலில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தனியாள். செத்துப்போன அவருடைய மனைவி வாழ்நாள் முழுக்கப் படக் காட் சேர்த்திருந்தார். மர அலுமாரியில் நாடு நாடாக இழுப்பறைகள் இருந்தன. கிழவர் சேர்த்ததோ முத்திரை. அவருக்கு மனைவியின் படங்கள் தேவையில்லை, எனக்கு என் முத்திரைகள் தேவையில்லை. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டானது. ஒரு முத்திரைக்கு, நான் விரும்பிய ஒரு படம்.

"உரிக்காதே, மைட்லி," என்று சொல்லிக் கொடுத்தார். மைட்லி என்றால் சின்னப் பெட்டை. "உரித்தால் முத்திரை செத்துப்போகும். ஒரு விரல் அகலம் விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டு."

வெட்டினேன். முத்திரை இருப்பது பின்பக்கத்தின் வலது மேல் மூலையில். ஆகவே படத்தில் போவது இடது மேல் மூலை. அங்கே எப்போதும் வானம்தான் இருக்கும். எனக்கு அது நட்டமாகவே தெரியவில்லை. சிங்கப்பூரின் வானத்தைக் கொடுத்து ரியோவை வாங்கினேன். நைரோபியின் வானத்துக்கு ஒரு முழு வெனிஸ்.

அந்த அலுமாரியில் ஒரு காட் இருந்தது. நயாகரா. கோடுகோடாய் வரிந்த பிளாஸ்ரிக் பூசிய காட். இப்படிச் சாய்த்தால் தண்ணீர் விழும், அப்படிச் சாய்த்தால் வானவில் எழும். நம் எல்லோருக்கும் கனடாவில் ஒரு மாமி இருந்தார் அல்லவா, நயாகராவின் முன்னால் சேலை நனைய நின்று படம் எடுத்து அனுப்பிய மாமி? அந்தப் படங்களில் தண்ணீர் அசையாது. இதில் அசைந்தது. கிழவர் அதைச் சும்மா தரமாட்டேன் என்றார். "என்னிடம் அறவே இல்லாத ஒரு நாட்டைக் கொண்டு வா. அப்போது பார்க்கலாம்."

நைரோபிக்குப் பிறகு இரண்டு மாதம் காட் இல்லை. அம்மா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்கமாட்டார். அப்பா ஏஜென்றோடு கதைத்துவிட்டு, "பாதையிலை நிக்கிறானாம்," என்பார். எந்தப் பாதை என்று ஏஜென்ற் சொல்வதில்லை. அந்தத் தொழிலில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் இருந்தது. 'ஆள் வந்து சேர்ந்திட்டார்' என்ற சொல் வீட்டிலிருந்து போகும்வரை ஏஜென்ற் ஆளைக் கைவிட முடியாது. நோயென்றாலும் பார்க்கவேண்டும். அந்த ஒரு சொல் போய்விட்டால், ஆள் இனி அவன் பொறுப்பில்லை.

கோடை விடுமுறைக்கு முந்திய நாள் மத்தியானம் கடிதப்பெட்டியைத் திறந்தேன். பாரிஸ் கிடந்தது.

ஆறு, அதன் மேல் பாலம், நடுவில் கோபுரம். அகலப் படம், நிறம் கொஞ்சம் மங்கிப்போய், ஓரங்கள் மஞ்சளடித்து. பின்னால், 'நீ கேட்ட கோபுரம். கெதியில் சந்திப்போம்.' முத்திரையில் நீளச் சொண்டுக் குருவி ஒன்று. அதன் கீழே பிரெஞ்சில், நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். டோகோ.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். அப்பா சீல் பார்க்கவேண்டும் என்பது தெரியும். ஆனால் நாலாம் மாடியின் கதவு திறந்திருந்தது. நடையில் பெட்டி கட்டி வைத்திருந்தது. கிழவர் மறுநாள் விடியற்காலை ரயிலில் தெசினில் இருக்கும் மகளிடம் போகிறார், இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார். போகும்போது பேத்திக்கென்று நாலைந்து காட்டுகளை எடுத்து மேசையில் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே நயாகரா.

"டோகோ!" என்றார் கிழவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி. "இது என்னிடம் இல்லை."

பிறகு நேர்மையாகக் கேட்டார். "அப்பா பார்த்துவிட்டாரா?"

"ஓம்" என்று தலையாட்டினேன். கத்தரிக்கோல் அவருடையது. வெட்டியது நான்.

அன்று அப்பாவுக்குக் காலை வேலை. அம்மாவும் அவரும் ஆறு மணிக்கே ஒன்றாக வந்தார்கள். காட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஐயோ, என்ர தம்பி பாரிசுக்கு வந்திட்டான்!"

அந்தக் குரலை இன்னும் என்னால் கேட்க முடிகிறது. அழுகையும் சிரிப்பும் ஒரே தொண்டையில் இடிபடும் குரல். அப்பா காட்டை வாங்கினார். வழக்கம்போலத் திருப்பினார். மூலையில் சதுரமான ஓட்டை.

"முத்திரை எங்கை?"

"மேல்வீட்டுக் கிழவருக்குக் குடுத்திட்டன்."

"நான் பாக்க முந்தியோ?" என்றார். ஆனால் அவருடைய முகமும் அதற்குள் இளகிவிட்டது. "சரி விடு. பிரான்ஸ் முத்திரைதானே. கோபுரமே வந்திட்டுது, இனிச் சீல் என்னத்துக்கு?"

படத்தைப் பார்க்காதே என்று சொல்லித் தந்தவர், அந்த ஒரு நாள் மட்டும் படத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். அதற்குள் அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அணைத்து, "நீ கேட்ட வாய்க்கு வந்திருக்கிறான் பிள்ளை," என்றார். சேலையில் அலுவலகத் தரை துடைக்கும் மருந்தின் எலுமிச்சை வாசம். அதற்குள் முகம் புதைத்துக்கொண்டு, அப்பா ஏஜென்றுக்குத் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டேன்.

"ஓம் தம்பி, ஆள் பாரிசிலை. காட் வந்திட்டுது. ஓம், ஓம், சேர்ந்திட்டார். நல்லாயிருப்பீங்கள்."

அம்மா கேசரி கிண்டினார். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பாரிசில் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருக்களில் சின்ன மாமாவின் படத்தோடு திரிந்தார். கடைகளில் கேட்டார். ஒருவரும் காணவில்லை. "பொலிஸ் பிடிச்சு உள்ளை வைச்சிருக்கும், விட்டதும் தானே கதைப்பான்," என்றார்கள் பெரியவர்கள். "வெக்கத்திலை எங்கையோ வேலை தேடுறான் போலை," என்றார்கள். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் நான் தலையணைக்குக் கீழே கைவிட்டு நயாகராவைச் சாய்த்தேன். தண்ணீர் விழுந்தது. வானவில் எழுந்தது. தண்ணீர் விழுந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு டோகோ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அது பாரிசில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கிழவர் திரும்பி வந்த அன்று, மேலே ஓடிப்போய் நயாகராவை நீட்டினேன். முத்திரையைத் தந்துவிடுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அல்பத்தைத் திறந்து, சின்ன இடுக்கியால் அதை எடுத்தார். நான் கேட்டபடி சீலையும் வாசித்துக் காட்டினார். லோமே. ஜூன் மாதம். "மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோவின் கடலோர ஊர்," என்றார். "என் மனைவி இருந்திருந்தால் அது எப்படி இருக்கும் என்று சொல்லியிருப்பாள்." நயாகராவை வாங்க மறுத்தார். நான் அதை அவருடைய கதவு விரிப்பின் மேல் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். கட்டடத்தின் அடியிலிருந்த சலவை அறையில், எங்கள் வீட்டு முறைநாளில், இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தபோது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முத்திரையைப் பூதக்கண்ணாடி இல்லாமலே நெடுநேரம் பார்த்தார். பிறகு வாங்கில் உட்கார்ந்தார். நனைந்த துணியைப்போல உட்கார்ந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லாதை," என்றார்.

ஏஜென்றோடு அவர் கதைத்ததையும் நான் கேட்டேன். மறுமுனைக் குரல் வெளியே கேட்கும் அளவுக்குப் பெரியது. "அண்ணை, ஆள் சேர்ந்திட்டார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பிறகென்ன கதை?" அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, சூக்கில் அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் லோமேயில் ஏஜென்ற் சின்ன மாமாவை வைத்திருந்த அதே வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர். அவர் சொன்னதை அப்பா எனக்கு மட்டும் சொன்னார். சின்ன மாமா காய்ச்சலோடு கிடந்தாராம். ஒரு பழைய கடையில் பாரிஸ் காட் ஒன்றைக் கண்டு, மருமகளுக்கு என்று சிரித்துச் சிரித்து வாங்கினாராம். மற்றவர்களை அங்கிருந்து கிளப்பியபோது அவரால் நடக்க முடியவில்லை. ஏஜென்றின் ஆள் கொப்பியைப் பார்த்துவிட்டு, "இவர் சேர்ந்த ஆள்," என்று பெயரை வெட்டிவிட்டானாம். அதற்கு மேல் அந்த மனிதருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

நான் காட் சேர்ப்பதை விடவில்லை. அது ஒரு நோய் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சனிக்கிழமைப் பழைய சாமான் சந்தைகளில், நாட்டுப் பெயர் எழுதிய அட்டைத் தடுப்புகளை விரலால் தள்ளித் தள்ளிப் போவேன். ஒரே ஒரு தடுப்பு வரும்போது விரல் அதைத் தாண்டிவிடும். கண் பார்க்காது.

எங்களுக்குச் சுவிஸ் கடவுச்சீட்டுக் கிடைத்த பிறகு, அம்மா ஒவ்வோர் ஆண்டும் அங்குள்ள தமிழ்க் கோயிலின் தேர்த் திருவிழாவுக்குப் பாரிஸ் போவார். பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுப்பது அப்பா. தான் ஒருநாளும் போனதில்லை. "எனக்கு வேலை, நீர் போட்டு வாரும்," என்பார். அம்மா தேரைப் பார்ப்பதில்லை. ஆண்களின் முகங்களைப் பார்ப்பார். முதலில் முப்பத்தைந்து வயது முகங்கள், பிறகு நாற்பத்தைந்து, பிறகு நரைத்த முகங்கள். தம்பிக்கும் வயது போகும் என்று கணக்காக வயதை ஏற்றிக்கொண்டே வந்தார். போன பனிக்காலத்தில் அப்பா போய்விட்டார். அவருடைய காசுப்பையில், அவுஸ்வைஸ் காலத்துப் பிளாஸ்ரிக் உறைக்குள், நீளச் சொண்டுக் குருவி இருந்தது.

இந்த ஆண்டு அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. நான் ரயிலில் கூட்டிப்போனேன். தேருக்கு முதல் நாள், ஆற்றங்கரையில் அந்தப் பாலம் தெரியும் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். அம்மா கைப்பையிலிருந்து காட்டை எடுத்துக் கைநீட்டிப் பிடித்தார். காட்டின் கோபுரத்துக்குப் பின்னால் நிஜக் கோபுரம். மூலை ஓட்டையில் நிஜ வானம்.

"இதிலைதான் நிண்டிருப்பான்," என்றார். "இஞ்சை இருந்து பாத்தால்தான் இப்பிடித் தெரியும். நான் எல்லா இடமும் பாத்திட்டன்."

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. இப்படி எத்தனை வாங்குகளில் உட்கார்ந்து பார்த்தாரோ.

"அம்மா, மாமா இஞ்சை வரேல்லை."

"நீ என்னத்தைக் கண்டனி?"

சொன்னேன். கடிதப்பெட்டி, கத்தரிக்கோல், நயாகரா, சலவை அறை, கொப்பியில் வெட்டிய பெயர், எல்லாவற்றையும். முத்திரையை அம்மாவின் கையில் வைத்தேன். உல்லாசப் படகு ஒன்று போனது. அதிலிருந்தவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள்.

"நீயோ வெட்டினனி?"

"ஓம்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா."

"வருசா வருசம் ஜன்னல் சீற் எடுத்துத் தந்த மனிசன்," என்றார். குரல் உயரவில்லை. "தண்ணிப் போத்தலும் கட்டித் தந்தவர். தேடிப்போட்டு வாரும் எண்டு."

நான் அவருடைய கையைத் தொட்டேன். இழுத்துக்கொண்டார். பிறகு முத்திரையை அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தார். வெட்டின ஓரம் வெட்டின ஓரத்தோடு பொருந்தியது. பெருவிரலால் விழாமல் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன குருவி?"

"தெரியாதம்மா."

"காட்டியிருக்கலாம் பிள்ளை," என்றார். "நானும் பாத்திருப்பன்."

தேருக்கு நிற்கவில்லை. மறுநாள் காலை ரயிலில் திரும்பினோம். எல்லையில் யாரும் எதையும் கேட்கவில்லை. பாசல் தாண்டியபோது அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"உன்னட்டை உலகத்திலை உள்ள ஊரெல்லாம் கிடக்கு. அந்த ஊர் இருக்கோ?"

"இல்லையம்மா."

"எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்கவேணும்போலை கிடக்கு. அவன் கிடந்த இடம்."

"தேடித் தாறன்," என்றேன்.

டீட்டிகோன் வந்ததும் அம்மா காட்டைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். முத்திரையைத் திருப்பித் தரவில்லை.